செங்கல் இல்லாத இடம்

விடை சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதனால் நடந்ததை நடந்தபடியே வைக்கிறேன்.

நாட்டின் தண்ணீரை எப்படிப் பங்கிடலாம் என்று மக்களிடமே கேட்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஆற்றங்கரை ஊர்க்காரர்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவழைத்திருந்தார்கள். இன்ஜினியரம்மா ஆறு, அணை, கால்வாய் எல்லாவற்றையும் மேடு பள்ளம் பிசகாமல் களிமண்ணில் செய்து வைத்திருந்தார்.

"அவங்கவங்க ஊர் இருக்கிற இடத்துல நீங்களே ஒரு செங்கல் வைங்க."

அந்தச் செங்கற்களைச் சூளையிலிருந்து கொண்டுவந்து இறக்கியவள், அங்கேயே குடியிருக்கும் பூரணம். கடைமடை ஊரான ஆவாரந்தாங்கலுக்காக வந்திருந்த வடிவின் தங்கை.

"நீயும் இருந்து பாரேன்ளா."

"என்னைய யாருக்கா கூப்பிட்டா? பிள்ளையத் தூளில போட்டுட்டு வந்திருக்கேன்" என்று சிரித்தபடி வண்டியேறிவிட்டாள்.

வடிவு கூச்சக்காரி. ஆனாலும் எழுந்தாள். அணையை ஆள் உயரம் கூட்டினால்தான் எங்களுக்குக் குடிதண்ணீர் வரும் என்றாள். அது கிடைக்காமல் திரும்ப மாட்டேன் என்று ஊர்ப் பெண்களிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். எல்லாக் கையும் உயர்ந்தது.

"ஊத்திப் பார்த்துருவோமா?" இன்ஜினியரம்மா களிமண் அணையைக் கூட்டி, குடத்தைச் சாய்த்தார். தண்ணீர் தேங்கியது, கால்வாயில் ஏறியது, நெளிந்துபோய் வடிவு வைத்த செங்கலைத் தொட்டது. ஒரு செங்கலும் மூழ்கவில்லை. கூட்டம் கைதட்டியது.

வடிவு கைதட்டவில்லை. அணைக்கு மேற்கே, ஆறு வளைகிற இடத்தில், வெறும் மண்மேல் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அங்கேதான் சூளை. அங்கேதான் தூளி. சம்மதமென்று உயர்த்திய கையை இறக்கிக்கொள்வதாகச் சொன்னாள். "அங்க சூளை இருக்கு, என் தங்கச்சி பிள்ளை இருக்கு. அணையக் கூட்ட வேணாம்."

"கேட்டதும் நீ, வேணாங்கிறதும் நீயா?" என்றார் மேலூர்த் தலைவர் தவசிக்கண்ணு. "தூக்கின கை தூக்கினதுதான். சூளைக்காரங்களுக்கு வேற இடம் பாத்துக்கலாம்."

இன்ஜினியரம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "வந்தவங்க எல்லாரும் சம்மதிச்சது. அதை நான் எழுதித்தான் ஆகணும்."

தலைவர் கூட்டம் எடுத்த முடிவையே பிடித்து நின்றார். இன்ஜினியரம்மா முறைப்படி நடந்தார். வடிவு ஊருக்குக் கொடுத்த வாக்கை விட்டாள். இதில் யார் செய்தது சரி?

வடிவு என்றால், பாதி விடைதான். அது தங்கைக்காக இறங்கிய கை. அங்கே வேறு யாருடைய தூளியோ தொங்கியிருந்தால் நாமும் கைதட்டியிருப்போம் என்பதுதான் அவளை உலுக்கியது. சரியானது அதற்குப் பிறகு அவள் செய்தது. பூரணம் இறக்கிய குவியலில் மிஞ்சியதில் ஒரு செங்கலை எடுத்து, அந்தத் தண்ணீருக்குள் வைத்தாள். "இவங்களையும் கூட்டியாந்து, மறுபடி கேளுங்க." முழுக்க மூழ்கிய செங்கல் புஸ்ஸென்று குமிழி விட்டது. கைதட்டிய அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.