கழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு

"எல்லாரும் சரின்னுட்டாங்க. நீங்க மட்டும் ஏன் மேடம் என் தீசிஸ்ல கையெழுத்துப் போட மாட்டேங்கீங்க?"

அணைந்தபெருமாள் சாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. வராதா பின்னே? ஐம்பது வயசில், தன்னைவிட இளைய பியூலா மேடத்திடம் மாணவனாகச் சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறார். இந்த வருஷம் பட்டம் வாங்காவிட்டால் அவர் பாடம் நடத்துகிற கல்லூரியில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் எழுதியது ஒரு புரோகிராம். நெஞ்சு எக்ஸ்ரேயைக் கொடுத்தால் காசநோய் உண்டா இல்லையா என்று சொல்லும். பீடி சுற்றுகிற பெண்களுக்காக, டாக்டர் எட்டியே பார்க்காத ஊர்களுக்காகச் செய்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. கேட்டவன் எல்லாம் வாயைப் பிளந்தான். யாரோ டிரஸ்ட்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு போய் முகாமே போட்டுவிட்டார்கள். அவ்வளவு அவசரம்!

"உக்காருங்க சார்," என்றார் மேடம். "முகாம்ல உங்க புரோகிராம் யாருக்கெல்லாம் நோய் இருக்குன்னு சொல்லிச்சு?"

"கொஞ்சப் பேருதான். பெரியாஸ்பத்திரியில சளி எடுத்துப் பாத்தாங்க, ஒருத்திக்கும் ஒண்ணுமில்ல. சந்தேகம்னா சொல்லிருதது நல்லதுதானே மேடம்?"

"அவங்க யாருன்னு கேட்டேன்."

சார் யோசித்தார்.

"எல்லாம் புருசன் செத்துப்போன பொம்பளைங்க. பாவம். தாலியறுத்தவளாப் பாத்து வியாதியும் வருதேன்னு ஊருக்குள்ள ஒரே பேச்சு."

மேடம் அந்தப் பெண்களில் ஒருத்தியின் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் திறந்து, புரோகிராமை ஓட்டினார்.

நோய் உண்டு, என்றது.

மவுசைப் பிடித்து, கழுத்தின் இரண்டு பக்கமிருந்தும் நெஞ்சுக்கு இறங்குகிற மாதிரி வெள்ளையாக ஒரு கோடு இழுத்தார். சின்னப்பிள்ளை கிறுக்கின மாதிரி இருந்தது. மறுபடி ஓட்டினார்.

நோய் இல்லை, என்றது.

"என்ன மேடம் விளையாடுதீங்க?"

"நோயாளிங்க படத்தை எங்க வாங்குனீங்க?"

"காசநோய் ஆஸ்பத்திரியில."

"அங்க எப்படி எடுப்பாங்க?"

"நர்சம்மா விடமாட்டாங்களே. தாலி முதக்கொண்டு கழட்டி மாமியார் கையில குடுத்துட்டுத்தான்..."

சார் திரையிலிருந்த வெள்ளைக் கோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நோயில்லாதவங்க படம்?"

"இதுக்கு முந்தி பீடிக் கம்பெனிக்காரங்க நடத்துன வேற முகாம்ல." என்றார் சார். "அங்க ஒருத்தியும் கழட்டல. கழட்டச் சொல்லியிருந்தா அடிக்க வந்திருப்பாங்க."

நுரையீரலை அது பார்க்கவே இல்லை. தாலிச் சங்கிலியைப் பார்த்திருக்கிறது. இதற்குத்தான் இத்தனை வருஷப் படிப்பு, இத்தனை கைதட்டல்!

சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மேடம், தாலி போட்டிருந்த அத்தனை பேரையும் நல்லாருக்குன்னு சொல்லி அனுப்பிட்டோமே."

மேடம் இன்னொரு எக்ஸ்ரேயைத் திறந்தார். கழுத்தில் சங்கிலி பளிச்சென்று தெரிந்தது.

"இது இசக்கியம்மாள். முகாம் படத்தையெல்லாம் எனக்குத் தெரிஞ்ச நெஞ்சு டாக்டருக்கு அனுப்பியிருந்தேன். இன்னைக்குக் காலைல கூப்பிட்டாரு. இந்தப் பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் நுரையீரல் அரிச்சுப் போயிருக்காம். உடனே மருந்து ஆரம்பிக்கணும். போன் போட்டுச் சொல்லுங்க."

"நீங்க பேசுங்க மேடம். எனக்கு நாக்கு எழும்பல."

"நல்லாருக்குன்னு சொன்னது நீங்கதானே சார்."

சார் நம்பரை அழுத்தினார். இசக்கியம்மாளின் புருஷன் எடுத்தார். யார் பேசுவது என்று தெரிந்ததும் அந்தக் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"சார், நல்லாருக்கீங்களா? அவளுக்கு இருமல் இன்னும் விடல சார். ஆனா மிசினே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுல்லா, அந்தத் தைரியத்துல பச்சப்பிள்ளைய மாரோட அணைச்சே கெடக்கா. இப்ப பிள்ளையும் விடாம இருமுது, பால் குடிக்கமாட்டேங்கு. நீங்களா கூப்புட்டது கடவுள் செயல் சார். பிள்ளையையும் உங்க மிசின்ல ஒரு தடவ பாத்து, ஒண்ணுமில்லன்னு சொல்லிருதீங்களா?"