சேற்றைத் தொடாத சுண்டு

மலையடிவாரக் காட்டில், பாறைக் குகை ஒன்றில் காத்தாயி என்ற கரடி தன் குட்டி சுண்டுவோடு வாழ்ந்து வந்தது. ஒருநாள் இரை தேடித் திரும்பிய காத்தாயி குகை வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டது.

சுவர் முழுக்கச் செம்மண் சேறு. கோணல் கோடுகள், சுழிகள், அப்பிய கைத்தடங்கள். நடுவில் மூக்குவரை சேறு பூசிக்கொண்டு சுண்டு உட்கார்ந்திருந்தது.

"இது அம்மா" என்று ஒரு பெரிய சுழியைக் காட்டிச் சிரித்தது.

கூட வந்திருந்த முள்ளம்பன்றி முத்தக்கா முகத்தைச் சுளித்தது. தன் பிள்ளைகள் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை என்றும், இப்போதே கண்டிக்காவிட்டால் குட்டி கைமீறிப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டுப் போனது.

காத்தாயிக்கு அவமானம் தாங்கவில்லை. குட்டியின் கையில் சுளீரென்று ஓர் அடி வைத்தது. "இனிமே எதையாவது தொட்டே, பார்!" என்றது. சுவரைத் தழையால் தேய்த்தது. அந்தப் பெரிய சுழியும் அழிந்து போனது.

அதன்பின் சுண்டு எதையும் தொடவில்லை. முத்தக்கா வந்து பார்த்து மெச்சியது. காத்தாயிக்கும் பெருமைதான்.

கோடை வந்தது. காத்தாயி பறித்து வந்து ஊட்டிய பழங்கள் தீர்ந்தன. காத்தாயி குட்டியைக் கறையான் புற்றுக்கு அழைத்துப் போய், தானே ஓர் ஓட்டை போட்டுக் காட்டித் தோண்டச் சொன்னது. சுண்டு கைகளை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பசியில் அதன் விலா எலும்பு தெரிந்தது. கண்ணெதிரே கறையான்கள் மொய்த்தும் கை நீளவில்லை.

"ஏன்டா, பசிக்கலையா?"

"பசிக்குது. தொட்டா அடிப்பியே அம்மா."

காத்தாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்டியின் கையைப் பிடித்துப் பார்த்தது. பழக்கமே இல்லாத விரல்கள் வலுவின்றித் துவண்டன. இதைச் செய்தது பசியல்ல, தான்தான் என்று அதற்குப் புரிந்தது.

தானே கறையானை அள்ளி ஊட்டிவிட்டு, அப்போதே குட்டியை ஓடைக்கரைக்குக் கூட்டிப் போனது. தன் கையைச் சேற்றில் முக்கி, பாறைமேல் ஒரு கோடு இழுத்தது. சுண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தது. பயந்து பயந்து ஒரு விரலை வைத்தது. அடி விழவில்லை. இன்னொரு விரலையும் வைத்தது.

அவ்வழியே வந்த முத்தக்கா பதறிப் போனது. "என்ன காத்தாயி, நீயே பிள்ளையைக் கெடுக்கிறியே?"

"நான் கெடுத்ததைத்தான் சரி பண்றேன் அக்கா" என்றது காத்தாயி.

தினமும் சேற்றில் அளைந்து அளைந்து அந்த விரல்கள் வலுத்தன. ஒரு காலையில் சுண்டு தானாகவே புற்றைக் கீறி, வாய் நிறையக் கறையானை அள்ளித் தின்றது.

கிறுக்குகிற சின்னக் கையைத் தடுத்தால், நாளை உழைத்துப் பிழைக்க வேண்டிய கையையும் சேர்த்தே முடக்கிவிடுகிறோம்.