பேச்சியின் சீட்டு

"அவ கொரலு அப்படியே வருதும்மா. அவ வரலியே" என்றார் மாசானமுத்து.

ஆற்றங்கரை மடத்துக்குக் குரு உலகம்மை. மாசானமுத்துவைவிடப் பத்து வயது இளையவர். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

மாசானமுத்து ஓய்வுபெற்ற கண்டக்டர். எந்தக் குரலும் அவர் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் உலகம்மை குரலிலேயே சமையற்கட்டைப் பார்த்து, இன்றைக்கு எல்லாருக்கும் உபவாசம் என்று சொல்லி, மடத்தையே மத்தியானம்வரை பட்டினி போட்டவர்.

மனைவி பேச்சி இறந்துபோய் மூன்று வருஷம். தினமும் அவள் குரலில் தன்னையே சாப்பிடக் கூப்பிடுவாராம். இம்மி பிசகாதாம். கூப்பிட்டு முடித்ததும் வீடு முன்னைவிடக் காலியாகிவிடுமாம்.

ஒரு வழி சொல்லுங்கள் என்றார்.

அவள் எழுதினது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் உலகம்மை. பர்சிலிருந்து ஒரு பலசரக்குச் சீட்டு வந்தது.

உளுந்து ரெண்டு கிலோ. கடுகு நூறு. மூக்குப்பொடி மட்டை வாங்கினால் வீட்டுக்கு வர வேண்டாம்.

உலகம்மை அவரை ஜெராக்ஸ் மெஷின் இருந்த அறைக்குக் கூட்டிப் போனார். சீட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்துச் சுவிட்சைப் போட்டார். மெஷின் உள்ளுக்குள் உறுமியது. சிவப்பு விளக்கு. பச்சை எரியட்டும் என்றார்.

மாசானமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெஷின் மாதிரியே உறுமிப் பார்த்தார். "போலாம் ரைட்" சொல்லி விசிலும் கொடுத்தார். அது நகருவதாக இல்லை.

பொத்தானை அழுத்திவிட்டார்.

பழைய மெஷின். அதட்டினால் தாளைத் துப்பிவிடும். துப்பியது.

உளுந்து. கடுகு. பொடி மட்டை. பேச்சியின் அதே கோணல் எழுத்து.

மாசானமுத்து பூரித்துப்போய்த் தாளைத் தடவினார். விரலெல்லாம் கரி. தாளில் பேச்சி பாதிதான் இருந்தாள்.

பதறிப்போய் மூடியைத் தூக்கிச் சீட்டை எடுத்துப் பார்த்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"என்னம்மா இது?"

"மை வெறும் பொடி அண்ணாச்சி. எழுத்து மாதிரியே போய் உக்காந்துக்கிடும். உள்ள உருளை சூடேறி அதை உருக்குனாத்தான் தாளைப் பிடிக்கும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

உலகம்மை ஸ்டூலைக் காட்டினார்.

உட்கார்ந்தார். சீட்டை மடியில் விரித்துக்கொண்டார். வாய் ஏதோ குரலுக்குத் தயாரானது. பிறகு மூடிக்கொண்டது.

வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் மட்டும் படித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார். அன்றைக்குப் பொடி மட்டை வாங்கித்தான் போயிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அவள் சோறு போட்டாள்.

உறுமல் அடங்கியது. பச்சை விளக்கு எரிந்தது.

"ஆயிருச்சு. சீட்டை வைங்க அண்ணாச்சி" என்றார் உலகம்மை.

மாசானமுத்து தலை நிமிரவில்லை.

"கொஞ்சம் பொறுங்கம்மா. எனக்கு இப்பத்தான் சூடாகுது."