எதிரே இருந்த லாட்ஜ்

இது பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் சொல்லிக் கேட்டது.

லாட்ஜ் முதலாளி தங்கப்பழத்தின் மாடியிலிருந்து கடல் தெரியாமல், எதிரே அவர் வாங்கிய நிலத்தில் நின்ற பழைய கல் கலங்கரை விளக்கம் மறைத்தது. அதில் விளக்கு எரியாவிட்டாலும், மீன் பிடிக்கப் போகும் மிக்கேலின் அண்ணன் கரை சேர்வது அதைப் பார்த்துத்தான். லாட்ஜுக்குப் போர்டு எழுத வந்திருந்தவன் மிக்கேல்.

"நாளைக்கு அதை இடிச்சிருவேன். நீ விலாசத்தை எழுதுலே" என்றார் முதலாளி.

மிக்கேல் பணிவாக எழுதினான்: 'கலங்கரை விளக்கத்துக்கு எதிரே இருந்த லாட்ஜ்.'

"இருந்த லாட்ஜா? லாட்ஜ் எங்கலே போச்சு?"

"விளக்கம் போயிட்டா நீங்க எதுக்கு எதிரே இருப்பிய, முதலாளி? சுத்தி மணலும் அந்த ஆடுந்தான் நிக்கி. ஆட்டுக்கு எதிரேன்னு எழுதட்டா?"

தங்கப்பழம் திரும்பிப் பார்த்தார். ஆடு நடந்து போய்க்கொண்டிருந்தது. 'இருந்த' என்பதை அழிக்கச் சொன்னார்.

போன மாதம் நானே போய்ப் பார்த்தேன். விளக்கம் நிற்கிறது. போர்டில் லாட்ஜின் பெயரைவிட அதன் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது.