கொக்கு தூக்கிய கால்

அந்தக் காலத்தில், தவளைக்கும் எருமைக்கும் ஒரே பேச்சு புழங்கிய நாளில், ஓர் ஏரி வற்றத் தொடங்கியது. அடுத்த ஏரிக்கு அரைநாள் வெயில் நடை. நத்தையும் நண்டும் நடந்தால் வழியிலேயே வறுவலாகிவிடும். அதனால் மந்தையப்பன் என்ற எருமை எல்லோரையும் முதுகில் ஏற்றி, நடை நடையாகக் கொண்டுபோய் விட்டது.

ஏற்றுமுன் "ரெடியா?" என்று ஒரே தடவை கேட்கும். அது எந்த ஊர்ச் சொல் என்று யாரும் விசாரித்ததில்லை. அப்போது அதற்கு இருந்தது ஒரே பொருள்தான்: சவாரிக்கு ஒரு காலைத் தூக்கியாகிவிட்டது. சோறு ரெடி, சட்டை ரெடி, மாப்பிள்ளை ரெடி எல்லாம் பின்னால் வந்த கூத்து. யாராவது காலைத் தூக்கிவிட்டால் அவர் ஏறி முடிக்கும்வரை மந்தையப்பன் நகராது. ஒருமுறை அவசரப்பட்டு நகர்ந்து ஓர் எலியின் வாலை மிதித்துவிட்ட வருத்தம் அதற்கு.

கடைசி நடை வந்தது. தவளைகள் ஏறிவிட்டன. சட்டியம்மா என்ற ஆமையை மட்டும் காணோம்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒட்டடைக்குத் தெரியும். ஒட்டடை ஒரு கொக்கு. ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக இருந்ததால் அந்தப் பெயர். கரையில் புதைத்த முட்டைகளைக் கீரி மோப்பம் பிடித்துவிட்டதென்று, மண்ணை இன்னும் கொஞ்சம் மூடிவிட்டு வருவதாக அவனிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தூரத்தில் இப்போது ஒரு கவிழ்த்த சட்டி மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது. எருமை போய்விட்டால் காய்ந்த ஏரியில் அவள் கதை முடிந்தது. வெயில் ஏறினால் தோல் வெடிக்கும் என்பதால் மந்தையப்பனோ காலைத் தூக்காத யாருக்கும் காத்திருக்காது.

"ரெடியாப்பா?" என்று இழுத்தது எருமை.

ஒட்டடை ஒரு காலைத் தூக்கினான். "ரெடிண்ணே."

"ஏறு."

"இதோண்ணே. ரெடி."

எருமை ஓர் அசை போட்டது. ஒட்டடை ஏறவில்லை. இரண்டு அசை, பத்து அசை. கால் அந்தரத்திலேயே நின்றது. தவளைகளுக்குப் பொறுக்கவில்லை. ரெடி ரெடி என்று அவன் குரலிலேயே கத்திக் காட்டின. கால் ஆடுது, ஆடுது என்று ஆளாளுக்குப் பாடின. தரையில் ஊன்றியிருந்த காலில் ஓர் எறும்பு ஏறி முழங்கால் வரை போய் நன்றாகக் கடித்தது. ஒட்டடை கண்ணை மூடிக்கொண்டான். தூக்கிய காலை இறக்கினால் எருமை கிளம்பிவிடும்.

வெகுநேரம் கழித்து மந்தையப்பன் தலையைத் திருப்பி அவனை மேலும் கீழும் பார்த்தது.

"டேய் ஒட்டடை. உனக்குத்தான் ரெக்கை இருக்கே. நீ எதுக்குடா என் முதுகுல ஏறணும்?"

ஒட்டடை தூக்கிய காலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். எருமை அவனைத் தாண்டிக் கரையைப் பார்த்தது. வந்துகொண்டிருந்த சட்டியைப் பார்த்தது. பிறகு ஒன்றும் தெரியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, ரெடின்னு சொல்லிட்ட. மெதுவா ஏறு" என்றது.

சட்டியம்மா வந்து சேர்ந்தபோது அவள் மூக்கெல்லாம் மண். மந்தையப்பன் முன்னங்காலை மடக்கி உட்கார்ந்து அவளை ஏற்றிக்கொண்டது. ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டா தம்பி, நீ இன்னும் ஏறலையா?" என்பதுதான். தவளைகள் சிரித்த சிரிப்பில் இரண்டு கீழே விழுந்து மறுபடி ஏறின.

புது ஏரியில் அவள் மெதுவாக நீந்தி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் ஒட்டடையின் கால் தானாக மேலே போயிற்று. அவன் பிள்ளைகளுக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அன்று தொடங்கியதுதான் கொக்கின் ஒற்றைக்கால் நிலை. இன்றைக்கும் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு, "ரெடி, ரெடி, கிளம்பியாச்சு" என்று ஒருவர் சொல்லிக்கொண்டு நின்றால் அவரைத் திட்டாதீர்கள். வீட்டுக்குள் யாரோ இன்னும் தலைவாரிக்கொண்டிருக்கிறார்கள்.