ஓணானிடம் கேட்ட கட்-ஆஃப்

இலுப்பைக்காட்டுக் குளக்கரையில் வாலப்பன் என்றொரு குரங்கு இருந்தான். பன்னிரண்டாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தான். கட்-ஆஃப் இருநூற்றுக்கு நூற்று ஐம்பத்தொன்று. ஆசை மட்டும் அக்கரையில் யானைகள் நடத்திய அரசுக் கல்லூரி மேல். அங்கே சேர்ந்தவனுக்குக் காடே எழுந்து வழிவிடும் என்று அவன் அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்.

இந்த மதிப்பெண்ணுக்கு அந்தக் கல்லூரி கிடைக்குமா? போன வருடக் கட்-ஆஃப் கல்லூரி வாசலிலேயே ஒரு பலகையில் தொங்கியது. போய்ப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் பலகை என்றாலே வாலப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். பலகைக்கு முகதாட்சண்யம் கிடையாதே! உள்ளதை உள்ளபடி காட்டிவிடும்.

எனவே அப்பாவும் மகனும் ஓணானைத் தேடிப் போனார்கள்.

வேலியோரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்த அந்த ஓணானுக்குக் காட்டில் ஏகப்பட்ட பெயர். 'சேர்க்கை ஆலோசகர்' என்று கல்லில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது. யார் எழுதினார்கள் என்று ஓணானுக்கே தெரியாது. முன்னால் நீண்ட வரிசை. வந்தவர்கள் கையில் எல்லாம் ஒரு பொட்டலம் வெட்டுக்கிளி.

"ஐயா, நம்ம பையன் கெட்டிக்காரன். கணக்குல கொஞ்சம் அசந்துட்டான், அவ்வளவுதான். அரசுக் கல்லூரி கிடைச்சிடும், இல்லீங்களா?" என்று அப்பா பல்லை இளித்தார்.

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"பார்த்தீங்களாப்பா! ரெண்டு தடவை ஆட்டினார்!" என்று வாலப்பன் துள்ளினான். அன்றைக்கே அவன் நடையில் கல்லூரிக்காரன் மிடுக்கு வந்துவிட்டது.

மறுநாள் விருப்பப் பட்டியல் எழுதும் நாள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம். ஒன்று இல்லாவிட்டால் அடுத்தது கிடைக்கும். அவனோடு படித்த கோடழகி என்ற அணில் இருபத்திரண்டு கல்லூரிகளை எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நூற்று ஐம்பத்து நான்கு.

"நீ ஓணானைப் பார்க்கலையா?" என்று வாலப்பன் கேட்டான்.

"பார்த்தேனே! 'எனக்கு அரசுக் கல்லூரி கிடைக்குமா'ன்னு கேட்டேன். தலையாட்டுச்சு. 'கிடைக்காது, அப்படித்தானே'ன்னு கேட்டேன். அதுக்கும் ஆட்டுச்சு! நேரா பலகையைப் போய்ப் பார்த்தேன். போன வருஷம் நூத்தி எழுபத்தெட்டோட மூடியிருக்காங்க. அதை மேல எழுதிக்கோ, வேண்டாங்கலை. கீழே நமக்குக் கிடைக்கிறதையும் எழுது, வாலப்பா!"

ஒரு கணம் அவனுக்குச் சுருக்கென்றது. மறுகணமே கோபம் வந்தது. மூன்று மதிப்பெண் கூட வாங்கிவிட்ட திமிர் இவளுக்கு!

"உனக்குப் பொறாமை! போடி!" என்றான்.

பட்டியலை வாங்கிய எழுத்தர் நாரை கழுத்தை நீட்டிப் பார்த்தது. "ஒண்ணே ஒண்ணுதான் எழுதியிருக்கே. பூட்டிட்டா மாத்த முடியாதுப்பா!"

"பூட்டுங்க!" என்றான் வாலப்பன்.

நாரை பூட்டியது.

ஒரு வாரம் கழித்து யானை முடிவை வாசித்தது. அரசுக் கல்லூரி நூற்று எழுபத்தாறோடு மூடிவிட்டது. கோடழகிக்கு அவளுடைய ஏழாவது விருப்பமான ஆற்றங்கரைக் கல்லூரி கிடைத்தது. வாலப்பனுக்கு எங்கேயும் இடமில்லை. வகுப்பில் இருந்த எல்லோரும் ஏதோ ஒரு கல்லூரிக்குக் கிளம்ப, அவன் மட்டும் ஒரு வருடம் சும்மா கிளையில் தொங்க வேண்டும். தேம்பித் தேம்பி அழுதான். பட்டியலில் அவ்வளவு இடத்தைக் காலியாக விட்டவனைப் பார்த்து யாருக்கும் பெரிதாக இரக்கம் வரவில்லை.

அப்பா அவனை இழுத்துக்கொண்டு ஓணானிடம் ஓடினார்.

"நீதானேய்யா கிடைக்கும்னு சொன்னே!"

ஓணான் முதன்முறையாக வாயைத் திறந்தது. "நான் எப்பய்யா சொன்னேன்? என் கழுத்து பொறந்ததுலேருந்தே இப்படித்தான் ஆடுது. வெயிலடிச்சாலும் ஆடும், எறும்பு போனாலும் ஆடும். பதிலை நீங்களே கொண்டுவந்தீங்க. கூடவே வெட்டுக்கிளியும் கொண்டுவந்தீங்க. தின்னேன்!"

அந்தக் கல்லைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் இது கேட்டது. வரிசையில் அடுத்து நின்ற காட்டுப்பன்றியம்மாவுக்கு நன்றாகவே கேட்டது. அவள் வாலப்பனை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க பொண்ணு அடுத்த வருஷம் எழுதறா. நூத்தி நாப்பது எடுத்தாலே அரசுக் கல்லூரி கிடைச்சிடும், இல்லீங்களா?" என்று பொட்டலத்தை நீட்டினாள்.

தனக்கு இனிக்கும் பதிலைக் கேள்வியோடு சேர்த்தே எடுத்துப் போகிறவனுக்குத் தலையாட்ட ஓர் ஓணான் எப்போதும் கிடைக்கும், இடம் கிடைக்காது.