ஆர்கனில் கோபப்படுவது எப்படி

ஹெப்சிபா டீச்சரின் ஆர்கனைக் கேட்க, பாரிஸில் இடம் கிடைக்காதவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். சிட்னியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். வயதான பிறகு டீச்சர் சொந்த ஊருக்குத் திரும்பி, ஒரே ஒரு மாணவரை வைத்துக்கொண்டார். பெயர் நேசன். மின்வாரிய ஊழியர். டீச்சர் பிறந்த அதே கீழத்தெருக்காரர்.

ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் பின்சுவரை ஒட்டிய மாடியில் ஆர்கன் இருந்தது. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் நேசன் அங்கே ஏறி வந்தார். உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் கட்டைகளை ஓங்கிக் குத்தினார்.

“என்னப்பா?”

“நாளைக்கு நான் வாசிக்கக் கூடாதாம், டீச்சர். கீழத்தெருக்காரன் மேலே உட்கார்ந்து வாசிப்பான், நாங்க கீழே நின்னு பாடணுமான்னு கோயில் செயலாளர் கேக்கிறார்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

“அவரோட அப்பாவும் என்னை இதையேதான் கேட்டார். இந்த மாடிப்படி ஏற நான் ஜெர்மனி வழியா சுத்தி வரவேண்டியிருந்தது.”

நேசன் மறுபடி குத்தினார்.

“குத்தினா சத்தம் அதிகமாகாது. இது பியானோ இல்லை. அடிச்சாலும் தடவினாலும் இதுல ஒரே சத்தம்தான்.”

“அப்போ இதுல கோபத்தை எப்படித்தான் காட்டுறது?”

டீச்சர் அவரை நகரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுண்டுவிரலால் ஒரு கட்டையை மெல்ல அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கவில்லை.

ஒற்றைச் சுரம் கிளம்பியது. நிற்கிற வழியாக இல்லை. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

கமிட்டி அறையிலிருந்து செயலாளர் ஆசீர்வாதம் வெளியே வந்து, அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

“டீச்சர்! கூட்டம் நடக்குது. நிறுத்துங்க!”

டீச்சரும் குரலை உயர்த்தினார். “நாளைக்கு யார் வாசிக்கிறது?”

“அதான் நீங்க இருக்கீங்களே! உலகமே புகழ்ற கை!”

டீச்சர் இடது கையால் ஒரு குமிழை இழுத்தார். இன்னொரு வரிசைக் குழாய்களும் சேர்ந்து அலறின.

செயலாளர் காதைப் பொத்திக்கொண்டார். “மேலே வந்து சுவிட்சை அணைச்சிருவேன்!”

“வாங்க. சுவிட்ச் நேசன் காலடியில இருக்கு. குனிஞ்சு அணைச்சுக்குங்க.”

முதல் படியில் வைத்த காலைச் செயலாளர் எடுத்துவிட்டார்.

டீச்சர் அடுத்த குமிழை இழுத்தார். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

“நாளைக்கு அசன விருந்துக்கு அரிசி எவ்வளவுன்னே இன்னும் முடிவாகலை!” என்றார் ஒருவர்.

“ஆசீர்வாதம், எதையாவது சொல்லித் தொலையும்வே! காது போகுது!” என்றார் இன்னொருவர்.

செயலாளர் கையை உதறினார். “சரி! அவனே வாசிக்கட்டும்!”

விரல் எழவில்லை. “யாரு?”

“அவன்தான்! நேசன்!”

டீச்சர் இன்னொரு குமிழை இழுத்தார்.

“அவர்! அவர்! நேசன் அவர்களே வாசிக்கட்டும்!”

டீச்சர் விரலை எடுத்தார்.

செயலாளர் யாரையும் பார்க்காமல் அறைக்குள் போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

நேசனின் முகம் தெளியவில்லை.

“மனசு மாறிச் சொல்லலை, டீச்சர். காது வலிச்சுச் சொல்றார்.”

“மனசு மாறட்டும்னு காத்திருந்த நம்ம ஆட்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துல இருக்காங்க, நேசன். அங்கேயும் தனி மூலையிலதான். நீ முதல் பாட்டை எடு.”